வடக்குச் சுவரோரம்

சனிக்கிழமை காலையில், மாண்ட்ரியலை ஒட்டிய லொங்குய்யில் புல் வெட்டும் இயந்திரங்கள் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கும். முதலில் மூலை வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு எங்கள் வேலிக்கு அந்தப்புறம். பெட்ரோல் வாடையும் அறுபட்ட புல்லின் பச்சை வாடையும் வலைக்கதவு வழியே வரும். நான் எழுந்து போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவேன். கோடையில் ஜன்னலைச் சாத்தி வைக்கிற வீடு இந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். எங்கள் வாசலில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. போன மாதம் நகராட்சியிலிருந்து பிரெஞ்சில் ஒரு நோட்டீஸ் வந்தது. அகராதி இல்லாமலே புரிந்தது. புல் விஷயமாக எனக்கு வந்த அறிவிப்புகளில் அது இரண்டாவது.

முதலாவது வந்து எட்டு ஒன்பது வருஷமாகிறது.

மாண்ட்ரியலுக்கு வருமுன் நாங்கள் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தோம். ஒரு கடை, ஒரு குளம், வாரத்தில் இரண்டு நாள் பஸ். என் கணவருக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். எட்டு மாதம் இருந்தாள். கீழே ஒரு பல் முளைத்திருந்தது. மார்ச் மாதக் காய்ச்சல் ஒன்றில் போய்விட்டாள்.

பால்குடிக் குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுப்பது. கிராமக் கவுன்சிலின் இடுகாட்டில், வடக்குச் சுவரோரம், குழந்தைகளுக்கென்று இருந்த வரிசையில் இடம் தந்தார்கள். கல் வைக்க வேண்டுமா என்று கவுன்சில் கிளார்க் கேட்டாராம். இவர் வேண்டாமென்றிருக்கிறார். குழந்தைக்குக் கல் கிடையாது, திவசம் கிடையாது, புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்திருந்தார். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்த ஏழு மாதமும், கடைக்குப் போகும்போது அந்தச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடப்பேன். கருங்கல். மழை பெய்தால் உள்ளங்கை பாசியாகும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று என் கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

பிறகு கடல் தாண்டினோம். மாண்ட்ரியலில் வில்லரே பகுதியில் மூன்றாவது மாடி, வெளியே சுழன்று இறங்கும் இரும்புப் படி, பனிக்காலத்தில் அதில் உப்புப் போட்டு இறங்க வேண்டும். கிராமத்துக் கடைக்காரப் பெண்மணி மாதாமாதம் ஊர்ச் செய்தித்தாளைக் கப்பல் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஸ்டென்சிலில் அடித்து மடித்த நாலு பக்கம். தெருவிளக்கு ஒன்று எரியவில்லை. நாய் வளர்ப்போர் பசும்புல் திடலை அசுத்தப்படுத்தலாகாது. மண்டபக் கூரை ஒழுகுகிறது, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அதை வாசிப்பேன்.

"குளத்துல ரெண்டு வாத்தைக் காணோமாம்."

"நரியா இருக்கும்."

"நரி இல்லைங்கறார் கவுன்சிலர். விசாரணைக் குழு போட்டிருக்காங்க."

"அப்ப வாத்து கெடச்ச மாதிரிதான்," என்பார் இவர், ரசத்தைக் குனிந்து குடித்துக்கொண்டே.

எங்களுக்குள் அதுதான் சிரிப்பு. குழந்தையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. வாத்தைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசினோம். அந்த நாலு பக்கத்துக்கு நடுவில் எங்கேயோ அவள் படுத்திருந்தாள், இருவருக்கும் தெரியும்.

முதல் அறிவிப்பு வந்த வருஷம், கோடை தொடங்கியபோது வந்த தாளில், ஜாம் போட்டி முடிவுக்கும் பஸ் நேர மாற்றத்துக்கும் நடுவே, ஐந்து வரி. இடுகாட்டில் புல் வெட்டுவது சிரமமாக இருப்பதால், வடக்குச் சுவரோரம் கல்லோ பெயரோ இல்லாத மேடுகள் சமன் செய்யப்படும். பதிவேட்டில் பெயர்கள் உள்ளன, இடக் குறிப்பு இல்லை. உறவினர் எவரேனும் இருப்பின், எந்த மேடு என்று வரைபடத்துடன் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

தாள் கப்பலில் ஆறு வாரம் பயணம் செய்திருந்தது. அடுத்த கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தாள் வந்த மறுநாள் கனடாவில் தபால் ஸ்ட்ரைக்.

ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தேன்.

"வரைங்க."

"இப்பவா?"

"சுவரைப் போடுங்க முதல்ல. அப்புறம் கேட்டை."

அவர் சுவரைப் போட்டார். கேட்டைப் போட்டார். ஒரு மரம் போட்டார். மரத்திலிருந்து எண்ணி மூன்றாவது மேட்டில் ஒரு சின்ன வட்டம். டாக்டர் கை, வட்டம் நடுங்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக என் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று பார்த்தேன். பென்சில் வட்டம், காலணா அளவு.

மறுநாள் காலையில் அவர் அதே படத்தை மறுபடி போடுவாரா என்று பார்க்க நினைத்தேன். முதல் படத்தை ஒளித்து வைத்துவிட்டு இன்னொரு காகிதம் கொடுத்தேன். "நேத்து போட்டதுல காப்பி கொட்டிடுச்சு. இன்னொண்ணு போடுங்க."

போட்டார். இந்த முறை மரம் கேட்டுக்கு அந்தப்புறம் இருந்தது. வட்டம் ஐந்தாவதில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார். கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு வந்துட்டேன்," என்றார். "நான் பாக்கவே இல்லை."

"உள்ள வெக்கும்போதாவது பாத்தீங்களா?"

"அவளைத்தான் பாத்தேன். எடத்தை எங்க பாத்தேன்?"

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். நான் அவரை வெறுத்தேன். பிறகு, போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை வெறுத்தேன். வழக்கம் என்று சொன்னவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் சௌக்கியமாக இருந்தார்கள். எங்களை யாரும் காவல் காக்கவில்லை. சுவரில் ஒரு கேட் இருந்தது. ஏழு மாதம் அது பூட்டாமல்தான் இருந்தது.

கிளார்க் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தந்தி கொடுத்தோம், கடிதம் வருகிறது, தயவுசெய்து பொறுக்கவும் என்று. கூட்டத்துக்குள் இடத்தைக் குறிப்பிடவும் என்று மரியாதையாகப் பதில் தந்தி வந்தது. அதற்குள் ஐந்து நாள் போயிருந்தது. தந்தியில் படம் போகாது. கடைசியில் நான் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு படம் இணைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்று சரி. இரண்டு மேட்டையும் விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரைக் காலத்தில் கடிதங்கள் ஆள் கையில் போகும். டவுன்டவுன் யூனிவர்சிட்டியில் வேலை பார்த்த ஒரு புரொபசரின் மனைவி, தங்கை கல்யாணத்துக்கு மெட்ராஸ் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். லண்டனில் விமானம் மாற ஆறு மணி நேரம் காத்திருப்பாராம். கோவில் இல்லாத ஊரில் ஒரு பொங்கல் கூடுகையில் அவரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன வார்த்தை தவறவில்லை. லண்டனில் இறங்கியதும் தபாலில் போட்டார். ஞாயிறும் ஒரு விடுமுறையும் குறுக்கே வந்தன. கடிதம் வியாழக்கிழமை சேர்ந்தது, இயந்திரம் செவ்வாய்க்கிழமையே வந்து போயிருந்தது என்று கடைக்காரப் பெண்மணி எழுதினார். அடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: வடக்குச் சுவரோரம் இப்போது பார்க்க இதமாக உள்ளது, ஒத்துழைத்தோருக்கு நன்றி. அதன்பின் சாப்பாட்டின்போது நான் வாசிக்கவில்லை. இவரும் வாத்து கிடைத்ததா என்று கேட்கவில்லை.

ஆனால் அன்று டோர்வல் விமான நிலையத்தில் இன்னும் நாள் இருந்தது. அந்த அம்மாள் பட்டுப்புடவைமேல் மழைக்கோட்டு போட்டு, இரண்டு தோளிலும் பையோடு, வரிசையில் நின்றார். ஒரு பை நிறையக் கடிதங்கள்.

"நீயுமா?" என்றார். "ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் என்னைத் தபால்காரியாக்கிட்டீங்க. காக்கிச் சட்டை ஒண்ணுதான் பாக்கி. குடு."

நான் கொடுத்தேன். அவர் உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார்.

"இது லண்டன்லயே போட வேண்டியதா? கவுன்சில்னு போட்டிருக்கு. சொத்து விஷயமா?"

"இல்லக்கா. புல்லு வெட்டற விஷயம்."

"புல்லா?" என்று சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் பையின் வாயைத் திறந்து உறையை மற்றக் கடிதங்களோடு போடப் போனார்.

"அதுல வேணாங்கா," என்றேன். "கையிலயே வச்சுக்கோங்க. கீழ வச்சிடாதீங்க."