மூன்று விரல் ஆழம்

சாவியைத் திருப்பியதும் அந்த முள் எழுந்தது. நான்கு வருடங்களாக டீசல் மீட்டரின் இடது ஓரத்தில் செத்துக் கிடந்த முள். மெல்ல அசைந்து, பாதியைத் தாண்டி, முக்காலில் போய் நின்றது. டேங்கில் மூங்கில் கம்பை விட்டு எடுத்துப் பார்த்த ராஞ்சிக்கார டிரைவர், "பராபர் ஹை", சரியாகத்தான் இருக்கிறது என்றார். சீட்டில் உட்கார்ந்திருந்த மாமா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பெண் கொடுத்த ஒன்பது வருடங்களில் என் வேலையைப் பார்த்து அந்த மனிதர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. இன்றைக்கும் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் இருக்கும் ஷெட்டில் ஏதாவது பழைய லாரியில் ஏறினால் என் கண் முதலில் அந்த மீட்டருக்குத்தான் போகிறது. கூடவே வயிற்றெரிச்சலும் தொடங்கிவிடுகிறது.

முள்ளை எழுப்பியவன் என் சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். தூத்துக்குடியில் வயரிங் வேலை பார்த்தவன். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறி வந்து மாமாவின் ஷெட்டில் சேர்ந்துகொண்டான். என்னைவிட ஏழு வயது சின்னவன், பேச்சும் குறைவு. இன்ஜின் வேலை முழுக்க என்னுடையது, வயரிங் அவனுடையது என்று மாமா பிரித்துக் கொடுத்தபோது நான் பெரிதாக நினைக்கவில்லை. பல்பு மாட்டுகிறவன்தானே என்று இருந்துவிட்டேன்.

டேங்க் யூனிட் ஒன்றும் பிரமாதமான சாமான் இல்லை. டீசல் டேங்கின் மேல் ஐந்து ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து உள்ளே ஒரு கம்பி இறங்கும், கம்பியின் முனையில் பித்தளை மிதவை. டீசல் குறையக் குறைய மிதவை இறங்கும், மீட்டரில் முள்ளும் இறங்கும். ஆனால் மாமாவின் இரண்டு லாரிகளும் கம்பெனிக்காரனே மறந்துபோன மாடல். போர்ட் பிளேரில் எந்தக் கடையில் கேட்டாலும் மெயின்லேண்டிலிருந்துதான் வரணும் என்பார்கள். சகலை வருவதற்கு முன்பு நானே சென்னைக்குச் சொல்லி, இரண்டு கப்பல் காத்திருந்து ஒன்றை வரவழைத்து மாட்டினேன். வேறு மாடலுக்கு ஆனது அது. டேங்க் நிரம்பியிருந்தால் காலி என்றது, காலியானால் நிரம்பிவிட்டது என்றது. நான் அதன் வயரைப் பிடுங்கி முள்ளைச் சாகவிடும் வரை டிரைவர்கள் ஒரு மாதம் என்னை ஓட்டித் தள்ளினார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மீட்டரைப் பார்க்கச் சொல்கிறீர்களா உஸ்தாத் என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சகலை புதிதாக எதையும் வரவழைக்கவில்லை. லாரியோடு வந்து, நான் கழற்றி வீசிய பழைய யூனிட்டையே குப்பையிலிருந்து எடுத்தான். மிதவையைக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தான். உள்ளே தேய்ந்துபோன சுருளைப் பிரித்து, மயிரிழை போன்ற கம்பியால் மறுபடி சுற்றினான். இரண்டு நாள் வேலை. அதன்பிறகு ஃபெரார்கஞ்சிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் பழைய லாரிக்காரர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் பிரித்துப் போட்டிருக்கும் இன்ஜினைத் தாண்டிக் காலை வைத்துப் போய், "உங்க சகலை எங்கே?" என்று என்னிடமே கேட்பார்கள்.

நான் நாள் கணக்கில் முதுகு ஒடிய இன்ஜின் மாட்டினால் வண்டி ஓடும். வண்டி ஓடுவதை யார் கவனிக்கிறார்கள்? அவன் வேலையோ ஓட்டுகிறவனின் மூக்குக்கு நேரே நாள் முழுக்க நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மாமா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுவார், நான் பின்னால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பொறாமை என்று அப்போது அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. மூத்த மருமகனுக்குரிய மரியாதை என்று வைத்திருந்தேன்.

அந்த வருடம் மாமாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஈஸ்டர் முடிந்ததும் ஷெட்டை ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன், மற்றவர் அனுசரித்துக்கொள்ள வேண்டும் என்றார். யார் கையில் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை என்று என் மனைவி அன்று சாப்பாடு போடும்போது முணுமுணுத்தாள். அவனுக்குக் கீழே நான் ஸ்பேனர் பிடித்து நிற்பதை நினைத்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

பிரசவத்துக்காக மனைவியைக் கூட்டிக்கொண்டு சகலை தூத்துக்குடி போயிருந்த சமயத்தில் இரண்டாவது லாரியின் டேங்க் ஒழுகியது. கீழே மூன்று விரல் உயரத்துக்குத் துரு தின்றிருந்தது. நான் டேங்கை இறக்கிக் கழுவி, பக்கவாட்டைத் திறந்து, துருவுக்கு மேலே உள்ளுக்குள் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணினேன். வெளியிலிருந்து பார்த்தால் அதே டேங்க், உள்ளே மூன்று விரல் ஆழம் குறைவு. பெயிண்டும் அடித்தேன். ஒழுகல் நின்றதா என்று மட்டும் கேட்டார் மாமா. எப்படி நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்த சகலை அந்த லாரிக்கும் யூனிட் செய்ய உட்கார்ந்தான். முதல் லாரியின் அளவு அவனிடம் இருந்தது. கம்பியை வெட்டப் போகும் முன் தலையைத் தூக்கி, "அண்ணே, ரெண்டும் ஒரே டேங்குதானே?" என்று கேட்டான்.

"ஒரே கம்பெனி டேங்க்தான்" என்றேன்.

பொய் இல்லை. அவன் தலையைக் குனிந்து வெட்டினான். மிதவை புதுத் தகட்டில் போய் உட்கார்ந்துவிடும், டேங்க் வறண்டாலும் முள் கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் அவன் முள்ளும் ஒருநாள் பொய் சொல்லட்டும், மாமா ஒருதடவை முகம் சுளிக்கட்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவன் வேலையை நம்பி டிரைவர் மூங்கில் கம்பையே தூக்கி எறிந்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை.

சிமெண்ட் ஏற்றிக்கொண்டு லாரி ரங்கத்துக்குப் போனது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், நடுவில் எதற்காகவும் நிற்கக் கூடாது. அந்தக் காட்டின் நடுவில் டீசல் தீர்ந்து லாரி நின்றது, முள் கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே காட்டிக்கொண்டே. பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் நின்றன. பக்கத்து லாரியிலிருந்து டீசல் வாங்கி ஊற்றினாலும் லைனில் காற்று ஏறிவிட்டது. கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றிக் கிளப்ப நெடுநேரம் ஆயிற்று. போலீஸ்காரர்கள் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதர், ஷெட்டுக்குத் திரும்பி வந்து மாமா முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.

மாமா எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். சகலை டேங்க் மேல் ஏறி, யூனிட்டைக் கழற்றி, கம்பை உள்ளே விட்டான். அதே கம்பை டேங்கின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தான். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தடத்தின் மேல் அவன் பெருவிரல் போய் நின்றதை நான் பார்த்தேன். இப்போது சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அளவெடுக்காம வெட்டிட்டேன் மாமா. என் தப்புதான்" என்றான்.

அடுத்த ஞாயிறு ஷெட் சாவி என் கைக்கு வந்தது. மாதம் முடிவதற்குள் அவன் குடும்பத்தோடு தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பே போய்விட்டான். கப்பல் துறையில் அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது நான்தான். பத்திரமா போ தம்பி என்றுகூடச் சொன்னேன்.

பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன. மாமா இல்லை. இப்போது போனில் ஆர்டர் போட்டால் எந்த சாமானும் வீட்டுக்கு வருகிறது, பழைய லாரியின் டேங்க் யூனிட்டைத் தவிர. வந்தாலும் நான் அன்று மாட்டியது போலத் தலைகீழாகத்தான் காட்டுகிறது. அதனால் லாரிக்காரர்கள் பழைய யூனிட்டைச் சகலையிடம் ஹட் பேவுக்கு அனுப்புகிறார்கள். டேங்குக்குள் விட்டு, அதன் ஆழத்துக்கு வெட்டிய கம்பு ஒன்றும் கூடவே வர வேண்டும், இல்லாவிட்டால் அவன் யூனிட்டைத் தொடுவதே இல்லையாம். என் ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டு, ஹட் பே கப்பல் எப்போது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஓனரின் யூனிட்டையும் கம்பையும் நானே எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் தகரக் கொட்டகையில் டீ கொடுத்தான், பிள்ளைகளை விசாரித்தான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: தகடு வைத்தது, தெரிந்தே வாயை மூடிக்கொண்டது, ஷெட்டுக்கு ஆசைப்பட்டது. தலைநிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க வெல்டிங்னு அன்னைக்கே தெரியும்ணே. அதுக்கென்ன? நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் கம்பு விட்டுப் பாத்திருக்கணும். பாக்காம வெட்டுனது நான்தானே."

பெரிய மனசு பண்ணிச் சொன்னதில்லை. தொழில் கணக்காக, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான் என்று தெரிந்தது. மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பதினோரு வருடம் நான் சுமந்ததில் எனக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன கம்பை எடுத்து அளவு பார்க்க ஆரம்பித்தான். நான் டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றேன். இந்த மனசும் இவனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று எனக்கு வயிறு எரிந்தது.