சத்தம் போடாத காபி மெஷின்

என் தம்பி பெங்களூரில் ஒரு கம்பெனியில் உலோகத்தை அச்சடிக்கிறான். எஃகுப் பொடியை அடுக்கடுக்காகத் தூவி, லேசரால் உருக்கி, முழுப் பொருளாக எடுப்பார்களாம். விமானத்துக்கு உதிரி பாகம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். லீவுக்கு வரதராஜன்பேட்டை வந்தவன் கண்ணில் எங்கள் காபி மெஷின் பட்டுத் தொலைத்தது.

நான் பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரருக்குக் கல்யாண மண்டபங்களில் காபி போடுவது தொழில். வரவேற்புகளில் பளபளவென்று நிற்குமே, தலையில் பித்தளைக் கழுகோடு, புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு, அதே ரகம்தான் எங்களுடையதும். உண்மையைச் சொன்னால் அது காபியே போடாது. தூளையும் சர்க்கரையையும் இவர் முன்னாலேயே அடித்து வைத்துவிடுவார். மெஷினின் வேலை பாலைச் சூடாக்கி நுரைக்க வைப்பது மட்டும்தான்.

“மச்சான், பாதி வெயிட்டைச் சும்மா செமக்குறீங்க. சத்தம் வேற. சத்தம்னா என்னா? வீணாப் போற ஆவி. நான் வேற ஒண்ணு செஞ்சு தர்றேன்” என்றான் தம்பி.

“நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும் மாப்ள” என்றார் இவர். மச்சினன் நஞ்சைக் கலக்கிக் கொடுத்தாலும் சர்பத் என்று குடிக்கிற மனுஷர். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மெஷின் சும்மாதான் கிடந்தது. மாதிரிக்கு வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அதைக் காரில் ஏற்றினார்கள்.

எங்கே பாரம், எங்கே சூடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால் போதுமாம். அதுவே வேண்டாத இடத்திலெல்லாம் உலோகத்தைக் குறைத்து நூறு வடிவம் போட்டுக் காட்டுமாம். அந்த நூறில் ஒன்றை அச்சடித்து ஆவணியில் கொண்டுவந்து இறக்கினான். உடம்பெல்லாம் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த தட்டில் கிடக்கும் ஆட்டு எலும்பு மாதிரி இருந்தது. கழுகையும் காணோம். அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று கம்ப்யூட்டர் கழித்துவிட்டதாம்.

“இயற்கை இப்படித்தான்க்கா டிசைன் பண்ணும்.”

“இயற்கை காபி போட்டு நான் பாத்ததில்லடா” என்றேன்.

அந்த மாதமே அரியலூரில் எங்கள் சமையல் காண்ட்ராக்டரின் மகளுக்கு வரவேற்பு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் சமையல். அவர் கூப்பிட்டால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இவர் அந்த எலும்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

குறை சொல்லக் கூடாது, காபி அருமையாக இருந்தது. நான் குடித்தேன். வேறு யாரும் குடிக்கவில்லை. மண்டபத்தில் எவன் காபியைக் கண்ணால் தேடுகிறான்? புஸ்ஸென்ற சத்தம் கேட்கும், பிள்ளைகள் ஓடும், பிள்ளைகளைப் பிடிக்கப் பெரியவர்கள் போவார்கள், போனவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு அப்படி ஒரு சத்தமே இல்லை. போனவர் வந்தவரெல்லாம் அதை டெக்கரேஷன்காரர் வைத்த பொம்மை என்றே நினைத்தார்கள். பட்டுப் பாவாடைப் பெண்கள் நான்கைந்து பேர் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். தம்பி வீடியோ எடுத்துக்கொண்டே, “எவ்வளவு அமைதி பாத்தியாக்கா!” என்றான். எழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

“காபி இருக்குங்க, வாங்க” என்று இவர் கூப்பிட்டுப் பார்த்தார். அதுவரை யாரையும் கூப்பிட்டே பழக்கமில்லாத மனுஷர். குரல் பக்கத்து நாற்காலியைக்கூடத் தாண்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ரெட்டிபாளையத்துக்காரர்கள். “சமையல்காரரு வூட்டுக் கல்யாணம், ஒரு காபிக்கு வழியில்ல” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். காண்ட்ராக்டர் நேராக வந்து மெஷின் முன்னால் நின்றார்.

“என்னய்யா இது?”

“காபி மெஷின்தாங்க.”

“சம்பந்தி வூட்டுக்காரன் காறித் துப்பிட்டுப் போறான். நீ எலும்புக்கூட்டைக் காவல் காத்துக்கிட்டு நிக்கிறியா?”

மறுநாள் காலை இவர் தயங்கித் தயங்கி, பழைய மெஷினைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று தம்பியைக் கேட்டார்.

“அதை ரெண்டா அறுத்தாச்சே மச்சான். உள்ள எப்படி இருக்குன்னு எங்க கம்பெனி கண்காட்சில காட்டணும்ல?” என்றான். சொன்னதோடு விட்டானா? போட்டோவும் காட்டினான். எங்கள் மெஷினின் ஒரு பாதி மேடையில் நின்றது, கீழே ‘முன்பு’ என்று எழுதியிருந்தது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? இவன் பாட்டை மட்டும் கெடுக்கவில்லை, பிழைப்பையே கெடுத்தான். இவனுக்குக் கம்பெனியில் பரிசும் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

காண்ட்ராக்டர் பெரம்பலூர்க்காரர் ஒருவரின் பழைய ரக மெஷினைப் பிடித்துக்கொண்டார். எங்கள்மேல் இரக்கப்பட்டு, என் வீட்டுக்காரரைப் பந்தியில் சாம்பார் ஊற்றச் சொன்னார். இவரும் போனார். வேறு என்ன செய்வார்?

தை மாதம் பெரம்பலூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கும் அவர் சமையல்தான். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். முதல் பந்தியில் உட்கார்ந்தான். இவர் ஊற்றிய சாம்பாரை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி வந்து நின்றான்.

“சாப்பாடு பிரமாதம் மச்சான். ஒரு காபி கெடச்சா நல்லாருக்கும். அங்க ஒரே கூட்டமா இருக்கு.”

இவர் வாளியைக் கீழே வைத்தார். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, புஸ்ஸென்று கத்திக்கொண்டிருந்த அந்த மெஷினைச் சுற்றி நின்ற கூட்டத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றார். முறை வந்ததும் வாங்கி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து மச்சினனிடம் கொடுத்தார்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்றான்.