வெடிக் கம்பெனி ரிப்போர்ட்டும் ஃபில்டர் படுத்திய பாடும்

ரிப்போர்ட் மென்பொருள் சொல்லிக்கொடுக்கிற வேலை என்பது வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிப் போய், ஏசி அறையில் திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி வெயிலில் திரும்புகிற வேலை. விருதுநகரிலிருந்து கிளம்பினால் சாத்தூர், சிவகாசி, சுற்றுப்பட்டி பூராவும் என் எல்லை. மென்பொருளில் எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. ஆனால் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஃபில்டருக்காகத்தான். ஒரு பெட்டியில் ஒரு வார்த்தையை அடித்தால் அந்த வார்த்தை உள்ள வரிகளை மட்டும் காட்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் என்னென்ன நடக்கும் என்று, ரிப்போர்ட்டை வெறித்துப் பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிற உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

கம்பி மத்தாப்பு

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. முதலாளிக்கு ஃபில்டர் போடக் கற்றுக்கொடுத்த மறுநாளே போய் உட்கார்ந்திருந்தேன். வடக்கேயிருந்து ஒரு வியாபாரி போனில் கம்பி மத்தாப்பு கேட்டார். முதலாளி என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே, இருப்பு ரிப்போர்ட்டில் ‘கம்பி’ என்று மட்டும் அடித்தார். இருப்பு மலைபோல் வந்து நின்றது. “எம்புட்டு வேணும்னாலும் லோடு ஏத்திரலாம்” என்று சொல்ல வாயெடுத்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன். இவ்வளவு கம்பி மத்தாப்பை வைக்க அவருடைய குடோனில் இடமே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

பட்டியலை மெதுவாகக் கீழே இறக்கினோம். குடோனைச் சுற்றி அடைக்க வாங்கிப் போட்டிருந்த வேலிக் கம்பியும் அதில் சேர்ந்திருந்தது. முழுப் பெயரையும் அடிக்கச் சொன்னதும் நிஜமான இருப்பு வந்தது. வியாபாரிக்கு அதில் பாதி தருவதாக ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்லவேளை தாயி, இல்லேன்னா தீவாளிக்கு அவக வேலியைத்தான் கொளுத்திருப்பாக.”

கண்ணுக்குத் தெரியாதது

ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் மாரியம்மாள் அக்கா அவசரமாகக் கூப்பிட்டார். ‘மதுரை’ என்று ஃபில்டர் போட்டால் ஒரு கடைகூட வரவில்லையாம். திரையில் பார்த்தால் ஊர்ப் பத்தியில் வரிசையாக மதுரை, மதுரை, மதுரை.

எனக்கு இது பழகிய வியாதி. ஃபில்டரில் ‘சரியாக இதுவே’ என்ற வகை இருந்தது. பதிவு செய்தவரோ ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குப் பின்னாலும் இடைவெளிப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டியிருந்தார். அந்தக் காலி இடத்தையும் ஃபில்டர் ஓர் எழுத்தாகவே எண்ணும். அக்காவும் நானும் உட்கார்ந்து அத்தனை இடைவெளியையும் நீக்கினோம். மதுரைக் கடைகள் எல்லாம் வந்து இறங்கின. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “கண்ணுக்குத் தெரியாம இருந்தா நம்ம ஊர்ல சூடம் கொளுத்திக் கும்பிடுவோம், நீங்க என்னடான்னா அழிக்கச் சொல்றீக.”

காலையில் காணாமல் போன வியாபாரம்

சிவகாசியில் ஒரு கம்பெனி. ஒரு காலையில் முதலாளி ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறார். விற்பனை படுத்துக் கிடந்தது. சீசன் நேரம் வேறு. விற்பனை மேலாளர் சுப்பையாவை நிற்கவைத்து, வெளியூர் ஆர்டரெல்லாம் எங்கே போச்சு, யாருக்குத் திருப்பிவிட்டாய் என்று கேட்டிருக்கிறார். சுப்பையா பல வருசமாக அங்கே இருப்பவர், அதிர்ந்து பேசாதவர். நான் போய்ச் சேர்ந்தபோது மேசைச் சாவியை முதலாளி முன்னால் வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தார்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திரையின் மூலையில், ஃபில்டர் போட்டிருப்பதற்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு புனல் படம் இருந்தது. அதைத் தொட்டேன். ‘சாத்தூர்’ என்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சாத்தூர் விற்பனையை மட்டும் பார்த்த முதலாளி, ஃபில்டரை எடுக்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறார். எடுத்தேன். ஊர் ஊராக வியாபாரம் திரும்பி வந்தது. போன வருசத்தைவிடக் கூடுதல்.

முதலாளி சாவியை எடுத்து, எழுந்துபோய், சுப்பையாவின் சட்டைப் பையில் அவரே போட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். டீ சொல்லி அனுப்பிவிட்டு, டீ வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “கதவைச் சாத்தி வச்சது நானு, வேர்த்தது உமக்கு.”

அண்ணன் தம்பி

காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றை அண்ணனும் தம்பியும் நடத்திவந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லை. தம்பி செல்வம் வெளியூர் சுற்றி ஆர்டர் பிடிப்பார், அண்ணன் உள்ளே இருந்து அச்சடிப்பார். தனியாகப் பிரிந்துவிடலாம் என்று அண்ணனுக்கு யோசனை. “அவன் பேரு இல்லாம ஒரு ரிப்போர்ட் போட்டுத் தாங்க, எனக்குன்னு எம்புட்டு ஆர்டர் இருக்குன்னு பார்க்கணும்” என்றார். ‘இந்த வார்த்தை இல்லாதவை’ என்று தேர்ந்தெடுத்து, ‘செல்வம்’ என்று அடித்துக் கொடுத்தேன்.

பட்டியல் ஒரு கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் தப்பாகப் போடவில்லை. ஃபில்டரை எடுத்துவிட்டு வரி வரியாகக் காட்டினேன். அண்ணன் தன்னுடைய பழைய வாடிக்கை என்று நினைத்திருந்த கடைகளில்கூட, ஆர்டர் பிடித்தவர் பெயர் செல்வம் என்றுதான் இருந்தது. வருசா வருசம் போய்க் கையெழுத்து வாங்கி வந்தது அவர்தான்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு வெளியே போய், மிஷின் பக்கம் நின்றிருந்த தம்பியிடம், “சாப்பிட்டியாலே” என்று கேட்டார். செல்வம் திகைத்துப்போய்த் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: “அந்த ரிப்போர்ட்டை அழிச்சிருங்க மேடம், பேரை எடுத்தா கம்பெனியே இருக்காது போல.”

எல்லாம் ஒருவர் கடை

இது சின்னது. ஒரு பெரியவர், முருகன் ஸ்டோர்ஸ் என்ற வாடிக்கைக்காரரைத் தேடி ‘முருகன்’ என்று அடித்தார். பாலமுருகன், வேல்முருகன், சிவமுருகன், முருகன் டிரேடர்ஸ் என்று திரை நிரம்பிவிட்டது. நான் திருத்தக் கையை நீட்டினேன். பெரியவர் தடுத்தார்: “இருக்கட்டும்மா, எல்லாம் அவன் கடைதான்.”

புஸ்வாணம்

எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனியை ஓர் அம்மா நடத்துகிறார். கணவர் இறந்த பிறகு தானே எடுத்து நடத்துகிறவர். ஒருநாள் காலையில் ஃபோர்மேன், புஸ்வாணத்தில் ஒன்றை வெளியே வைத்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். திரியில் நெருப்பு வைத்த வேகத்தில் பிடித்துக்கொண்டது. அவர் விலகக்கூட நேரமில்லை, முழங்கை முடி பொசுங்கியது. அந்தத் திரி போட்ட சரக்கு அந்த வாரம் கடைகளுக்குப் போயிருந்தது.

நான் போனபோது முதலாளியம்மா ஏற்கெனவே ‘புஸ்வாணம்’ என்று ஃபில்டர் போட்டு, வந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்து விற்பனையை நிறுத்தியிருந்தார். ஆனால் கடைகள் குறைவாக இருப்பதாக எனக்குப் பட்டது. “உங்க பில்லுல இதை வேற எப்படியெல்லாம் எழுதுவாக?” என்று கேட்டேன். அலுவலகப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி புஷ்வானம் என்று அடிப்பாள், இன்னொருத்தி பூச்சட்டி, பழைய பில்காரர் ஃபிளவர் பாட். எல்லாவற்றையும் ‘அல்லது’ போட்டு ஒரே ஃபில்டராகச் சேர்த்தேன். புதிதாகக் கடைகள் எழும்பி வந்தன. முதலாளியம்மா மறுபடி போனை எடுத்தார்.

கடைசிப் பெயர் மல்லாங்கிணறில் ஒரு கடை. போன் போட்டால், பெட்டி அப்போதுதான் மாப்பிள்ளை அழைப்புக்கு வேனில் போய்விட்டது என்றார் கடைக்காரர். “அண்ணாச்சி, அதைக் கொளுத்த விட்றாதீக. வேற வெடி எதுவேணா கொடுங்க, நான் பார்த்துக்கிடுதேன்” என்றார் அம்மா. கடைக்காரர் பைக்கை எடுத்தார். இங்கே யாரும் உட்காரவில்லை. ஃபோர்மேன் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஒருவழியாகப் போன் வந்தது. மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், ஆனால் பெட்டியைப் பிரிக்கவில்லையாம். பெட்டி கைக்கு வந்துவிட்டது என்றார் கடைக்காரர். அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அலுவலகப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்: “இங்கன பிள்ளைக்கு வேணா வீட்டுல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு இருக்கட்டும், இனிமே வெடிக்கு ஒரு பேருதான்.”

ஆகவே ரிப்போர்ட்டில் சரக்கைக் காணோம், கடையைக் காணோம், வியாபாரத்தையே காணோம் என்று பதறுகிற அன்பர்களே, யார்மேலாவது பழியைப் போடுமுன் உங்கள் கையாலேயே அடித்துவைத்த அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி உங்கள் எழுத்துப்பிழையோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.