இடது கை

ஜலஜா டீச்சர் ஆசைப்பட்டு டீச்சரானவள் அல்ல. கணவர் சக்ரபாணிக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கும்பகோணத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தாள். பையனோடு போய்ப் பையனோடு திரும்பலாம் என்று ஹப்சிகுடாவில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். பையன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். இவள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். “வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலைன்னு சும்மாவா சொன்னான்?” என்று சக்ரபாணி சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். போர்ஷன் முடிந்ததா, பெல் அடித்ததா, வீட்டுக்குக் கிளம்பு. அவ்வளவுதான் அவள் உத்தியோகம்.

இந்த வருஷம் பிரின்ஸ்பால் சுஷ்மா ஆசை காட்டினார். இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால் ஜலஜாதான் கோஆர்டினேட்டர். ஏசி அறை, தனி மேஜை. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பெடுக்கவே வேண்டாம். அதற்காக அவள் ஆலாய்ப் பறந்தாள்.

அவள் கையாண்டது பழைய வித்தைதான். விடை தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. பார்க்கிறவருக்கு வகுப்பே கை தூக்கினாற்போல் இருக்கும். டீச்சர் வலது கைகளை மட்டும் எழுப்பினால் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். கணக்கை அல்ல.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று முக்கோணத்தின் இரண்டு கோணங்களைப் போர்டில் எழுதி மூன்றாவதைக் கேட்டாள். கைகள் தோப்பாக எழுந்தன. மூன்றாவது பெஞ்சில் வர்ஷினி பாதி எழுந்தே நின்றாள், இடது கையைத் தூக்கிக்கொண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் கண்ணில் அவள்தான் பட்டாள். “அந்தப் பெண்ணைக் கேளுங்களேன்” என்றார் ஆங்கிலத்தில்.

ஜலஜா அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். “ஷி இஸ் அ வீக் சைல்ட், சார்” என்றாள், வகுப்பு முழுவதும் கேட்க. வேறொரு வலது கை எழுந்து விடை சொன்னது. வர்ஷினியின் கை மெல்ல இறங்கியது.

இன்ஸ்பெக்‌ஷன் பிரமாதம் என்றார்கள். ஜலஜா வர்ஷினியை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். தமிழ் வீட்டுப் பெண் என்பதால் தமிழிலேயே திட்டினாள். “தெரியலைன்னா பேசாம உக்கார வேண்டியதுதானே? எதுக்கு எழுந்து நின்னே?”

“ஐ நியூ இட், மிஸ். எய்ட்டி டிகிரீஸ்.”

“பின்னே ஏன் லெஃப்ட் ஹாண்டைத் தூக்கினே?”

“ஐ ரைட் வித் திஸ், மிஸ். சாரி, ஐ ஃபர்காட்.”

குழந்தையின் இடது உள்ளங்கை ஓரமெல்லாம் நீல மசி. எழுத எழுத அந்தக் கை எழுத்தின்மேலேயே தேய்ந்துகொண்டு போயிருக்கிறது. அப்படி மசி இழுபட்ட பக்கங்களைப் பார்த்து, “என்ன இது, அழுக்குப் பண்ணி வச்சிருக்கே” என்று எத்தனை தடவை கோபித்திருப்பாள்! ஜூனிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் எந்தக் கையால் எழுதுகிறாள் என்று தெரியாத ஒருத்திக்கு டீச்சர் என்று பெயர். ஜலஜாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்தும் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் போர்டில் ஒரு கணக்கைப் போட்டு, “யார் வந்து செய்யறீங்க?” என்றாள். வர்ஷினி இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையைத் தூக்கியிருந்தாள். கூப்பிட்டதும் வந்து, சாக்பீஸை வலது கையில் பிடித்தாள். எண்கள் கோணிக்கொண்டு சரிந்தன. பெல் அடித்தது. சாக்பீஸ் ஒடிந்தது.

“உன் கையாலயே எழுதும்மா” என்றாள் ஜலஜா.

வர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். “நோ மிஸ். லெஃப்ட் மீன்ஸ் ஐ டோன்ட் நோ.”

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்த விதி தெரியும், சொல்லிக்கொடுத்தவளே டீச்சர்தானே. முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஜலஜா போர்டின் பக்கம் திரும்பி நின்றாள். அப்போது வாசலில் ஆயா வந்து நின்றாள். கோஆர்டினேட்டர் ஆர்டர் ரெடி, மேடம் உடனே வரச் சொன்னார்களாம்.

“பீரியட் இங்கா அவ்வலேது” என்று ஆயாவிடம் தெலுங்கில் சொன்னாள் ஜலஜா, பீரியட் இன்னும் முடியவில்லை என்று. பிறகு ஒடிந்த சாக்பீஸைப் பொறுக்கி, வர்ஷினியின் இடது கையில் வைத்தாள்.