ஸ்பிட்பயரும் என் இரண்டு முழங்கால்களும்

பறக்கும் விமானத்தைப் படம் எடுக்க வேண்டுமானால், எடுப்பவன் நிலத்தில் நிற்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதைக்கூடச் சொல்லித்தர வேண்டிய ஒருவன் படிக்க வருவான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பகலெல்லாம் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு, கிழமைக்கு ஒரு மாலை, லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நடந்த புகைப்பட வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வருட முடிவில் ஆளுக்கொரு படம் மண்டபச் சுவரில் தொங்கும், எடுத்தவர் பெயரோடு. என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று வாத்தியார் கேட்டபோது மற்றவர்கள் பூனை, ரோசாப்பூ, பேரப்பிள்ளை என்று அடக்கமாகச் சொன்னார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "ஸ்பிட்பயர். பறக்கும்போது" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதுவரை என் பெயரும் ஒரு படமும் சேர்ந்து இருந்த ஒரே இடம் குடிவரவுக் கோப்புத்தான். அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே ஆசை பிடித்துவிட்டது.

நகரத்தின் கிழக்கு விளிம்பில் ஒரு சிறிய விமானத்திடல் இருந்தது. கோடை ஞாயிறுகளில் ஸ்பிட்பயர் போன்ற உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களைப் பறக்கவிடுவார்கள். வேலியோரம் மடக்குக் கதிரைகளும் தேநீர்க் குடுவைகளுமாக வெள்ளைக்காரர்கள் குந்தியிருப்பார்கள். வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார்: ஷட்டரை வேகமாக வைத்தால் மூக்கில் சுழலும் காற்றாடி உறைந்துபோய், விமானம் நூலில் கட்டிய பொம்மை போலிருக்கும். மெதுவாக வை. விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பு. அது கடந்துபோன பிறகும் திரும்பிக்கொண்டே இரு.

முதல் ஞாயிறு ஸ்பிட்பயர் உறுமிக்கொண்டு தாழப் பதிந்து வந்தது. இடுப்பைத் திருப்பத் தொடங்கினேன் என்றுதான் நினைவு. பிறகு பார்த்தால் மூக்கில் புல்.

யாழ்ப்பாணத்தில் சகடை என்றொரு பழைய சரக்கு விமானம் வரும். அதிலிருந்து குண்டை உருட்டி விடுவார்கள். ஹீத்ரோவுக்குப் போகும் ஜெட் என் தலைக்கு மேலே போனாலும் நான் கண் இமைப்பதில்லை. ஆனால் காற்றாடி எஞ்சினின் அந்தக் கரகரப்புக் கேட்டால் முழங்கால்கள் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. ஐந்து வருடம் லண்டனில் வரி கட்டியவன் என்பது அவற்றுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும். ஈஸ்ட் ஹாமில் படம் கழுவிக் கொடுக்கும் கடைத்தம்பி உறையை நீட்டிக்கொண்டு கேட்டான்:

"அண்ணை, புல்லுக்கு ஏதும் நோய் வருத்தமோ? கவுன்சிலுக்கு முறைப்பாடு குடுக்கப் போறியளோ?"

புல், என் சப்பாத்து, சாய்ந்த வேலி, யாரோ ஒருவரின் தேநீர்க் குடுவை. ஒன்றில் மட்டும் மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. கடைத்தம்பி அதைக் காகம் என்றான்.

மனைவியிடம் ஆறுதல் எதிர்பார்த்தது என் பிழை. "பறக்கிறது பிளேன். நீங்கள் ஏன் விழுறியள்?" என்றுவிட்டு வெங்காயம் வெட்டப் போனாள்.

கோடையின் கடைசிப் பறப்பு நாளுக்குப் பக்கத்து வீட்டு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அறுபதாம் ஆண்டுகளிலேயே லண்டனுக்குப் படிக்க வந்தவர். குண்டுவீச்சைத் தொலைக்காட்சிச் செய்தியில் மட்டும் பார்த்தவர். அவருக்கு ஒரே வேலை. பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்து என்னை விழாமல் வைத்திருப்பது.

"மாடு பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறன். நீர் யோசியாதையும்" என்றார்.

ஸ்பிட்பயர் வந்தது. அண்ணை பிடித்த பிடியை விடவில்லை. பெல்ட் அவர் கையிலேயே இருந்தது. நான்தான் இல்லை. முதலுதவிப் பெண்மணி ஓடிவந்து மாரடைப்போ என்று கேட்க, அண்ணை என் காற்சட்டையை இழுத்துவிட்டபடி, "இல்லை, இவர் படம் எடுக்கிறார்" என்றார்.

இன்னும் ஒரு சுற்று வரும் என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எப்படியும் விழத்தானே போகிறேன்? முன்கூட்டியே விழுந்து கிடந்தால் என்ன! கமராவை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். விமானம் வேலிக்கு மேலே திரும்பியது. வில்லைக்குள் எடுப்பாக வந்தது. விரல் பொத்தானில்.

படுத்தால் அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் பழக்கியிருந்தார்கள். குண்டு வெடிப்பில் செவிப்பறை கிழியாமலிருக்கக் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டு கைகளும் கமராவை விட்டுவிட்டுக் காதுக்குப் போய்விட்டன. புல்லில் உருண்ட கமராவை அண்ணை பாய்ந்து எடுத்து, ஒரு கிளிக். அத்தோடு பிலிமும் முடிந்தது, கோடையும் முடிந்தது.

கழுவி வந்த படத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நட்ட நடுவில் நான், உச்சி முதல் சப்பாத்து வரை. மேல் விளிம்பில் ஸ்பிட்பயரின் வால். காற்றாடி, மூக்கு, செட்டை எல்லாம் படத்துக்கு வெளியே.

"அண்ணை, பிளேன் எங்கை?" என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"வால் கிடக்குத்தானே. இஞ்சை பாரும், உம்மட கால் வெட்டுப்படேல்லை."

எங்கள் கலியாண அல்பங்களின் ஒரே சட்டம் அதுதான். தாஜ்மகாலை வெட்டலாம், ஆளின் காலை வெட்டக்கூடாது.

வாத்தியார் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இதையே தொங்கவிடுவோம், எடுத்தவர் பெயரை மட்டும் உண்மையாக எழுது என்றார். எழுதினேன். ஒரு நாளும் வகுப்புப் பக்கம் வராத அண்ணையின் பெயர் சுவரில் ஏறியது. என் பெயர் எங்குமில்லை. என் வாய் மட்டும் திறந்தபடி. அண்ணை கோட்டும் டையுமாக வந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வயதான ஆங்கிலேய அம்மா ஒருவர் மட்டும் என் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பின்னால் நின்ற என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வாயைத் திறந்து வைத்தது சரி" என்றார். "இங்கே குண்டு விழுந்த காலத்தில், எங்களுக்கும் சின்ன வயதில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் கவிழ்ந்தல்லவா படுக்க வேண்டும்? ஏன் மல்லாந்து படுத்தாய்?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "விமானத்தைப் படம் எடுக்கத்தான் அம்மா" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தருகே குனிந்தார்.

"எந்த விமானம்?"