கோலார், சாட்சிகள் இருவர்

பறக்கும் தட்டில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் டெய்சி பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் பறக்கும் தட்டைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. சிலி நாட்டில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர், தன்னைப் பொய்யன் என்று பத்து வருஷம் எழுதித் தீர்த்தவரின் விதவையையே கல்யாணம் செய்துகொண்டது தெரியும். ஸ்வீடனில் ஒரு சின்ன ஊரில் இரண்டு சங்கங்கள் இருப்பதும், ஒரு சங்கத்தார் கண்ட வெளிச்சம் மற்றச் சங்கத்தார் கண்ணில் படவே படாது என்பதும் தெரியும். திருச்சியில் இப்படி ஒரு சங்கத் தலைவரின் மனைவி, மாடியில் இருந்த தொலைநோக்கியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு வெங்காயம் வாங்கிவிட்டது வரைக்கும் தெரியும்.

இத்தனையும் அவள் சேகரிப்பது ரயிலில்தான். ஐம்பத்தைந்து வயது. காலையில் கோலார் சுரங்கத்து ஊரில் இருக்கும் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வர அதே அளவு. மற்றப் பெண்கள் கீரை ஆய்வார்கள், தூங்குவார்கள், மருமகளைத் திட்டுவார்கள். டெய்சி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உலகத்தின் பறக்கும் தட்டு ஆசாமிகள் பேசுவதையெல்லாம் கேட்பாள். சனிக்கிழமை மாலை படுக்கையறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாரச் சேதியைப் பத்து நிமிஷம் செல்போனில் பேசிப் பதிவு செய்வாள். ‘மேல இன்னா சேதி’ என்று பெயர். வாட்ஸ்ஆப் குழுவில் முன்னூறு பேருக்குக் கொஞ்சம் மேல். ஆண்டர்சன்பேட்டை பேக்கரிக்காரர் முதல், எப்போதோ ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஆர்தர் வரை கேட்கிறார்கள்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தச் சேதியையும் இரண்டு பேரிடமாவது தனித்தனியாக விசாரிப்பாள். உண்மை என்று தெரிந்துவிட்டால், சம்பந்தப்பட்டவர் யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் போட்டுவிடுவாள். சேலத்தில் ஒருவர் வேற்றுக்கிரகத்தாரின் தாய்க்கப்பல் என்று அனுப்பிய படம் கல்யாண மண்டபத்து லேசர் விளக்கு என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். குழு ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மனிதர் முதல் நாளே குழுவைவிட்டுப் போய்விட்டார். அவர் போனதை டெய்சி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த உலகத்துக்குள் அவளைக் கொண்டுவந்து விட்டது அவளுடைய கணவன் ஏனோக். கோலார் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது அது. நிலத்தடியில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை அவனுக்கு. ஒருநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தான். விடிகிற நேரம். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சைனைட் மேட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் வந்து நின்று போனதைப் பார்த்தான். கூட இருந்த துரையும் பார்த்தான். ஷிஃப்ட் ஆபீஸில் சொன்னார்கள். ஒரு கன்னடப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதை யாரோ ஆங்கிலத்தில் எழுதி எங்கோ அனுப்ப, உலகப் பட்டியல் ஒன்றில் ஏறிவிட்டது. ‘கோலார், இந்தியா. சுரங்கத் தொழிலாளர்கள். சாட்சிகள் இருவர். விளக்கம் கிடைக்கவில்லை.’ இந்தப் பட்டியலை இணையத்தில் முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு டெய்சிக்கு ஏற்பட்ட பெருமை, மகன் எல்வின் பிறந்தபோதுகூட ஏற்பட்டிருக்காது.

சர்ச்சில் மூன்று ஏனோக்குகள் இருப்பதால் அவனுக்குத் ‘தட்டு ஏனோக்’ என்று பெயர். கிண்டல்தான். ஆனாலும் சாட்சி இரண்டு பேர் என்பதால் யாரும் முழுசாகச் சிரித்துவிட முடியாது. இப்போது அவனுக்கு அறுபத்தைந்து. நெஞ்செல்லாம் தூசி. பத்து படி ஏறினால் நின்று மூச்சு வாங்கவேண்டும். கடைத்தெருவில் யாராவது புதியவர் அறிமுகமானால், “அந்த லைட்ட பாத்தவரு நீங்கதானா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே அவன் மெல்ல நடந்து கடைத்தெருவுக்குப் போய்வருவான்.

இந்த நிலைமையில்தான் பெங்களூர் இளைஞர் சங்கம் ஒன்று காமிராவோடு வருவதாகச் சொன்னது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. இரண்டு சாட்சிகளையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். ஏற்பாடு செய்தவளே டெய்சிதான். போன சனிக்கிழமைச் சேதியில் பெருமையாக அறிவித்தும்விட்டாள்.

வியாழக்கிழமை காலை ரயிலில் துரை அவளைத் தேடிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவனும் அதே வண்டியில்தான் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவல் வேலைக்குப் போகிறவன்.

“தங்கச்சி, ஞாயித்துக்கிழம நான் இருக்கமாட்டேன். பூதிகோட்டைல ஒரு சாவு.”

“இன்னிக்கு வியாழன்தான் துரையண்ணா. ஞாயித்துக்கிழம சாவப்போறவங்க யாருன்னு இப்பவே சொல்லிட்டாங்களா?”

துரை சிரிக்கவில்லை. “தனித்தனியா கேப்பாங்களாமே” என்றான்.

“ஆமா. அப்பதான மதிப்பு.”

“நான் பாக்கல தங்கச்சி.”

“இன்னாத்த?”

“லைட்டத்தான். குழாயாண்ட குனிஞ்சி மூஞ்சி கழுவிகினு இருந்தேன். நிமிந்தா, உங்க வீட்டுக்காரன் வாயத் தொறந்துகினு நிக்கிறான். மேட்டு மேல ஒண்ணுமே கெடையாது. ஆபீஸ்ல போயி சொன்னான். எல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. நானும் பாத்தேன்னுட்டேன்.”

“ஏன்ணா அப்டி சொன்னீங்க?”

“ஜோடிய வுட்டுக்குடுப்பாங்களா?”

டெய்சிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுரங்கத்துக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். கீழே இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஏதாவது விழுந்துவிட்டால், யாருக்காவது அடிபட்டால், மேலே விசாரணை நடக்கும். ஜோடியில் ஒருத்தன் சொல்வான். அடுத்தவன், “நானும் பாத்தேன் சார்” என்று சொல்லியாக வேண்டும். பேச்சு மாறினால் இரண்டு பேர் வேலைக்கும் ஆபத்து. இருபது வருஷம் பூமிக்கு அடியில் பழகிய வாய், வானத்தைப் பற்றிக் கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டது.

“எப்பவும் அவன மொதல்ல பேசவுட்டு, அவன் சொன்னதையே நானும் சொல்லுவேன்” என்றான் துரை. “தனியா உக்காரவெச்சா நான் இன்னாத்த சொல்றது?”

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டெய்சி ஒரு நோயாளியின் பெயரை மூன்று தடவை தப்பாகக் கூப்பிட்டாள். இது சேதி. உலகத்தில் வேறு எந்த வீட்டில் நடந்திருந்தாலும் சனிக்கிழமை முதல் சேதி இதுதான். போடாவிட்டால் அவள் யோக்கியதை என்ன? போட்டால் ஏனோக் என்ன ஆவான்? மனிதனிடம் மூச்சே பாதிதான் மிச்சம் இருக்கிறது. அதற்கு மேல் அவனிடம் இருப்பது அந்த வெளிச்சம் ஒன்றுதான். சேலத்துக்காரருக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை மாலை கதவைச் சாத்திக்கொண்டு ஸ்வீடன் சண்டையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினாள். குரல் ஏறவில்லை. அழித்தாள். எழுந்து வெளியே வந்தபோது ஏனோக் காமிராவுக்காக நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, துரை சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினான். “நீ நம்புறியா?” என்று கேட்டான்.

வெளிச்சத்தைக் கண்ட பிறகு இந்த இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை. ‘நம்புறேங்க’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவளும் துரை மாதிரிதான். துரைமேல் இருந்த கோபம் அந்த நொடியில் அவளுக்குப் போய்விட்டது. எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது அந்தப் பதில்!

“தெரியலங்க” என்றாள். “ஊர் ஒலகத்தையெல்லாம் கேட்டேன், உங்கள ஒக்காரவெச்சி ஒருநாள் கேட்டதில்ல. பேப்பர்ல வந்த நாலு வரிதான் எனக்குந் தெரியும். நீங்க சொல்லுங்க.”

ஏனோக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பெட்ரோமாக்ஸ் விளக்குல பூ இருக்கும்ல, பம்ப் அடிச்சதும் வெள்ளையா ஆவுமே, அந்த மாதிரி. சத்தம் இல்ல. மேட்டு மேல ஒரு பன மர ஒசரத்துல நின்னுச்சி. அடிமண்ணெல்லாம் வெளுத்துப்போச்சி. பரமண்டல ஜெபம் ஒருவாட்டி சொல்ற நேரம் இருக்கும். நான் சொன்னேன். ஆமென் சொல்லும்போது இல்ல.”

“இதெல்லாம் பேப்பர்ல வரலியே?”

“யாருக்குமே சொல்லல.” அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். “துரை நாலு அடில குனிஞ்சிகினு இருந்தான். டேய்னா போதும், நிமிந்திருப்பான். நான் கூப்டல.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. வேணும்னே கூப்டல. குவாட்டர்ஸ் கம்பெனிது, பூட்ஸ் கம்பெனிது, தலைல மாட்ற லைட் கம்பெனிது. தோண்டுன தங்கத்துல ஒரு குண்டுமணி நம்மளுது கெடையாது. எனக்குன்னு ஒண்ணு வந்து நிக்குதுன்னு தோணிச்சி டெய்சி. அவனக் கூப்ட்டா பாதி போயிடும்னு நெனச்சேன். அவன் நானும் பாத்தேன்னு சொன்னப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அதுக்கப்புறம் நான் எத சொல்ல? நெறத்த சொன்னா, நேரத்த சொன்னா, குறுக்கக் கேட்டா அவன் மாட்டிக்குவான். அதான் லைட்டு வந்துச்சி, போச்சின்னு நிறுத்திட்டேன்.”

டெய்சிக்கு அழுகை வந்தது. முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும், சிலி நாட்டு விமானியைத் தெரிந்த அளவுக்கு இந்த மனிதனைத் தெரியாமல் போய்விட்டதே என்று வந்த அழுகை அது.

“ரெக்கார்ட் பண்ணு” என்றான் ஏனோக்.

“நாளைக்கு அவங்க வரமாட்டாங்க.”

“வராட்டி போவட்டும். ஊரான் வூட்டு சேதின்னா போடுவ, நம்மூட்டு சேதின்னா மட்டும் முந்தானையில முடிஞ்சி வெச்சிக்குவியா?”

அந்த வாரம் ஸ்வீடனும் இல்லை, சிலியும் இல்லை. கதவைத் திறந்துவைத்தே பேசினாள். “உலகப் பட்டியலில் கோலாருக்குச் சாட்சிகள் இருவர் என்று இருப்பது தப்பு. பார்த்தது ஒருத்தர். பேர் ஏனோக், என் வீட்டுக்காரர். இன்னொருத்தர் நாலடி தூரத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கூப்பிடவில்லை. அவர்மேல் தப்பில்லை, தன்மேல்தான் தப்பு என்று இவர் சொல்லச் சொல்கிறார்.” ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அனுப்பிவிட்டாள்.

பெங்களூர் சங்கம் பத்து நிமிஷத்தில் பதில் போட்டது: ஒற்றைச் சாட்சி என்றால் இப்போதைக்குப் பயணத்தைத் தள்ளிவைக்கிறோம். ஆர்தர் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். இரண்டு பேர் சிரித்து வைத்தார்கள். டெய்சி இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைக்கப் போனாள்.

கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தபோது ஏனோக்கின் செல்போன் அடித்தது. துரை. ஏனோக் ஸ்பீக்கரில் போட்டான்.

“துரை, உன்ன நான்தான் பொய் சொல்ல வெச்சிட்டேன். மன்னிச்சிக்கடா” என்றான் ஏனோக்.

“அத வுடு” என்றான் துரை. “பொய் சொன்னதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. நாலு அடிதானேடா. ஒரு கொரல் குடுத்திருந்தா நானும் பாத்திருப்பேனே.”