மலையேற மறுத்த வண்டியும் தேவயானியின் ரப்பர் குழாயும்

திருத்தணியில் அரக்கோணம் சாலையோரம் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் தேவயானியின் காதைப் பற்றி நான் சொல்வதில் பாதியையாவது நீங்கள் நம்ப வேண்டும். அரக்கோணத்தில் ரயில் ஊதினால், அதில் எந்தப் பெட்டியில் பல்பு எரியவில்லை என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். ரயில்வேக்காரர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் வளர்ந்தவள். "பொம்பள கையிலயா வண்டியக் குடுக்கறது?" என்று யாராவது முனகினால், ஒயரிங்கைச் சுத்தமாக முடித்துவிட்டு, ஹாரனை மட்டும் கழுதையாகக் கத்தவைத்து அனுப்புவாள்.

2006இல் அவளுடைய அக்கா கணவர் விஜயன், பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார். சமதரையில் குதிரை, மலைப்பாதையில் பாதி ஏறியதும் நின்றுவிடும். பின்னால் உருட்டிக் கீழே கொண்டுவந்தால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். மறுநாள் கனகம்மாசத்திரத்து மணப்பெண்ணை மலைக்கோயில் முகூர்த்தத்துக்கு ஏற்றிப்போக வேறு ஒப்புக்கொண்டிருந்தார். நடுவழியில் நின்றால் முகூர்த்தம் தவறும். அப்புறம் அந்த வண்டியில் யார் ஏறுவார்கள்?

"சாமி குத்தமா இருக்குமோ, தேவா?" என்றார் விஜயன்.

"ஆங், முருகருக்கு வேற வேல இல்ல, உன் ஒயரப் புடுங்கிகினு இருக்காரு! சாவியத் திருப்பு பாவா."

எந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம் எதுவும் கிடையாது. அவளிடம் இருந்தது ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை வண்டியின் மூலைமுடுக்கில். சாவி திரும்பும்போது எங்கே 'டிக்' என்கிறதோ அங்கே மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே. அங்கிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனால் மற்றதெல்லாம் அகப்படும். என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் கியர்பாக்ஸுக்கு மேலே ஒளிந்திருந்தது. அதில் குறையில்லை. அதன் ஒயர் முன்சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குள் நுழைந்தது. அங்கே 'டிக்'குக்குப் பின்னால் எறும்பு நடக்கும் சத்தமும் கேட்டதாம். நான் மறுக்கவில்லை.

கார்ப்பெட்டைத் தூக்கினாள். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி எறும்புகள் ஊரே அமைத்திருந்தன. மலையிலிருந்து இறங்கும் பக்தர்கள் எல்லோரும் பஞ்சாமிர்த டப்பாவைச் சீட்டுக்கடியில்தான் வைப்பார்கள். வழிந்த பாகு, வண்டி ஏற்றத்தில் சாயும்போது பின்னோக்கி ஓடி ஒயர் முனைகளை நனைத்திருக்கிறது. வண்டி சமதரைக்கு வந்ததும் விலகியிருக்கிறது.

"சாமி பிரசாதமே வண்டிய நிறுத்துமா?" என்று வாயைப் பிளந்தார் விஜயன்.

"பிரசாதம் வயித்துக்குள்ள போவணும் பாவா. ஒயருக்குள்ள ஊத்துனா?"

ஸ்பிரிட்டால் கழுவி, காயவைத்து, பெட்டியை எதுவும் சிந்தாத உயரத்தில் மாட்டினாள்.

மறுநாள் அவளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வழக்கமாக நிற்கும் வளைவு வந்ததும் விஜயன் கண்ணை மூடி முணுமுணுத்தார்.

"வேண்டுதல மேல போயி வச்சிக்கலாம், கண்ணத் தெற பாவா!"

பின்சீட்டில் மணப்பெண் மணியம்மை சிரித்த சிரிப்பில் தலைப்பூ சரிந்தது. வண்டி ஏறிவிட்டது. மேலே போயும் விஜயன் என்ஜினை அணைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். அணைத்தால் மறுபடி கிளம்புமோ, கிளம்பாதோ! தேவயானி சாவியைப் பிடுங்கி மணியம்மையிடம் கொடுத்தாள்.

"தாலி கட்டிகினு வந்து நீயே ஸ்டார்ட் பண்ணு, கண்ணு. அப்பதான் இவரு நம்புவாரு."

தாலியின் மஞ்சள் ஈரம் காயாமல் வந்து மணப்பெண் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிய உறுமலில் நாதஸ்வரக்காரர் ராகத்தையே மாற்றிவிட்டார்.